நாற்காலியைத் திருப்பிப் போட்டது யார்?

‘உங்கள் அலுவலகத்தில் பிடித்த இடம் எது, பிடிக்காத இடம் எது, ஏன்?’ என்று சென்ற இதழில் கேட்டிருந்தேன்; அறை அமைத்துக் கொடுப்பதுதான் என் தொழில். வீட்டுச் சமையலறை பற்றிக் கேட்டபோதுகூட இவ்வளவு கடிதம் வரவில்லை. பெயர் போட வேண்டாம் என்று பாதிப் பேர் எழுதியிருக்கிறார்கள்; முதலாளியும் இதே பத்திரிகையைத்தான் படிக்கிறாராம். அதனால் எல்லோருக்கும் ஊர்ப் பெயர் மட்டும். இந்த இதழுக்கு ராமநாதபுரம் கடற்கரைக் கடிதங்களை எடுத்துக்கொண்டேன். பிறந்த ஊர்ப் பக்கம் என்பதால் கொஞ்சம் உரிமையோடு பேசியிருப்பேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கீழக்கரை வாசகர்: துபாயில் நிறைய வருடம் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பி டிராவல்ஸ் அலுவலகம் ஆரம்பித்திருக்கிறேன். அங்கே நான் பார்த்த மாதிரியே தெற்குப் பக்கம் முழுக்கக் கண்ணாடி, கடல் தெரியும். வெள்ளை மேசைகளை நடுவில் வரிசையாகப் போட்டு, எல்லோரும் கடலைப் பார்த்து உட்காருகிற மாதிரி அமைத்தேன். பின்னால் என் கண்ணாடி கேபின். ஒரு வருடம்கூட ஆகவில்லை, பையன்கள் மேசைகளைச் சுவரோரம் இழுத்து, நாற்காலியை வாசல் தெரிகிற மாதிரி திருப்பிப் போட்டுவிட்டார்கள். கண்ணாடியில் காலண்டர் தொங்குகிறது. கணக்குப் பார்க்கும் காக்கா (எங்கள் ஊரில் அண்ணனை அப்படித்தான் கூப்பிடுவோம்), பழைய கடையில் கிடந்த ஒயர் நாற்காலியைத் தூக்கி வந்துவிட்டார். வாப்பா வந்து பார்த்துவிட்டு, ‘ஆஸ்பத்திரி மாதிரி இருக்கு’ என்று சொல்லிவிட்டுப் போனார். கடலைப் பார்க்க யாருக்குத்தான் பிடிக்காது? இவர்கள் ரசனையே இவ்வளவுதானா?

ரசனையைக் கொஞ்சம் ஒதுக்கி வையுங்கள். நீங்கள் அனுப்பிய படத்தில் முதலில் என் கண்ணில் பட்டது உங்கள் கேபின். நீங்கள் போட்டிருந்தபடி ஒரு பையன் உட்கார்ந்தால் முன்னால் கடல், முதுகுக்குப் பின்னால் நீங்கள். வாசலில் யார் வந்தாலும் அவனுக்குத் தெரியாது. அவன் திரையில் என்ன ஓடுகிறது என்று உங்களுக்குத் தெரியும். நீங்கள் பார்க்கிறீர்களா இல்லையா என்பது அவனுக்குத் தெரியாது. நீங்கள் பாட்டுக்கு போனில் பேசிக்கொண்டிருந்தாலும் அவனுக்குப் பிடரி குறுகுறுக்கத்தான் செய்யும்.

ஜே ஆப்பிள்டன் என்ற ஆங்கிலேயப் புவியியல் அறிஞர் 1975-இல் ஒரு கருத்தை முன்வைத்தார். எந்த மாதிரி நிலக்காட்சி மனிதருக்குப் பிடிக்கிறது என்று ஆராய்ந்தவர் அவர். தூரம் வரை பார்க்க முடிய வேண்டும், ஒதுங்க ஒரு மறைப்பும் வேண்டும். நான் பிறரைப் பார்க்கலாம், பிறர் என்னைச் சுலபமாகப் பார்க்கக் கூடாது. அப்படி அமைந்த இடத்தில்தான் மனது தங்குகிறது என்பது அவர் வாதம். காட்டையும் வயலையும் வைத்துச் சொன்னதைப் பின்னால் வந்தவர்கள் அறைக்குள் கொண்டுவந்தார்கள். ஓட்டலுக்குள் நுழைந்ததும் நடு மேசையைத் தாண்டிச் சுவரோர மேசைக்குப் போகிறோமே, யார் சொல்லிக் கொடுத்தார்கள்? உங்கள் பையன்களும் அதையே செய்திருக்கிறார்கள். முதுகுக்குச் சுவர், கண்ணுக்கு வாசல்.

இன்னொன்றும் தற்செயலாகச் சரியாகிவிட்டது. ஐப்பசியிலிருந்து மாசி வரை நம் பக்கம் வெயில் தெற்கே சாய்ந்து வரும். தெற்குக் கண்ணாடி வழியாக நேரே உள்ளே விழும். போதாததற்குக் கடல் தண்ணீரில் பட்ட வெளிச்சம் வேறு கீழேயிருந்து வந்து கண்ணைக் கூசும். ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்தால் கண் கூசும். ஜன்னலுக்கு முதுகு காட்டினால் கம்ப்யூட்டர் திரையில் ஜன்னல் தெரியும். ஜன்னல் பக்கவாட்டில் இருந்தால்தான் இரண்டும் இல்லை. இப்போது அவர்கள் உட்கார்ந்திருப்பது அப்படித்தான். அந்தக் காலண்டரை நீங்கள் அசிங்கம் என்று நினைக்கிறீர்கள். படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள்: அது தொங்குகிற உயரம் கடைசி மேசைக்காரரின் கண் மட்டம். தேதி பார்க்க மாட்டவில்லை, வெயிலை மறைக்க மாட்டியிருக்கிறார்.

சரி, கடல் விஷயத்துக்கு வருகிறேன். கடல் தெரிகிற அறைக்கு வெளியூர்க்காரர் கூடுதல் வாடகை கொடுப்பார். என் அப்பா பாம்பனில் ஓடாவி. வள்ளம் கட்டுவதும் பழுது பார்ப்பதும்தான் தொழில். எங்கள் தெருவில் கடலைப் பார்த்துப் பெரிய ஜன்னல் வைத்த வீடு ஒன்றுகூட எனக்கு ஞாபகமில்லை. கடலுக்கு வீட்டின் முதுகுதான். தென்மேற்கிலிருந்து வரும் கச்சானா, வடக்கிலிருந்து வரும் வாடையா என்று காற்றைப் பார்க்க வெளியே வருவார்கள், பார்த்துவிட்டு உள்ளே போய்விடுவார்கள். உங்கள் பையன்களில் எத்தனை பேர் வீட்டில் கடலுக்குப் போகிற ஆள் இருக்கிறார் என்று கேட்டுப் பாருங்கள். அவர்களுக்கு அது வேலை நடக்கிற இடம். நாள் முழுக்க அதை வெறித்துப் பார்த்துக்கொண்டு டிக்கெட் போட முடியாது.

நீங்கள் கண்ணாடியை ஏன் விரும்பினீர்கள் என்பதும் இதே கணக்குதான். திரும்பத் திரும்பப் பார்த்த பொருள், அந்தக் காரணத்தினாலேயே பிடித்துப்போகிறது என்று ராபர்ட் ஜயான்ஸ் என்ற உளவியலாளர் 1968-இல் சோதனைகளோடு எழுதினார். அர்த்தமே தெரியாத சொற்களையும் எழுத்துகளையும் சிலவற்றை அடிக்கடியும் சிலவற்றை அபூர்வமாகவும் காட்டினார். அடிக்கடி பார்த்தவை ‘நல்லதைக் குறிப்பவை’ என்று ஜனங்கள் சொன்னார்கள். நீங்கள் பல வருடம் பார்த்தது வெள்ளையும் கண்ணாடியும் குளிர்ந்த ஏசியும். நல்ல சம்பளம் வந்த இடமும் அதுவே. அதனால் உங்கள் கண்ணுக்கு அதுதான் ‘ஆபீஸ்’. உங்கள் வாப்பா பார்த்தது திண்ணையும் மர மேசையும் உயரமான கூரையும். அவர் அனுபவத்தில் வழுவழு வெள்ளைத் தரை, வெள்ளை விளக்கு, பேசினால் எதிரொலிக்கிற சுவர் எல்லாம் சேர்ந்து இருந்தது ஆஸ்பத்திரியில் மட்டும்தான். இரண்டு பேருமே பழகியதைத்தான் கேட்கிறீர்கள்.

காசு வீணாகவில்லை. மேசைகள் இருக்கிற இடத்திலேயே இருக்கட்டும். கண்ணாடியின் கீழ்ப்பாதிக்கு ரோலர் திரை போடுங்கள், நின்றால் கடல் தெரியட்டும், உட்கார்ந்தால் கூச வேண்டாம். இரண்டு மேசைக்கு நடுவே நாலடி உயரத்தில் துணி ஒட்டிய தடுப்பு வைத்தால் எதிரொலியும் குறையும். கேபின் கண்ணாடியில் கண் மட்டத்துக்கு மங்கல் ஸ்டிக்கர் ஒட்டிவிடுங்கள். இது அவர்களைவிட உங்களுக்குத்தான் நிம்மதி தரும். வாசல் பக்கம் வாப்பாவுக்கு ஒரு விசுப்பலகை. கீழக்கரையில் பாதி வியாபாரம் திண்ணையில் பேசி முடிந்தது என்பது எனக்குத் தெரியாததா, உங்களுக்குத் தெரியாததா? காக்காவின் ஒயர் நாற்காலியை மட்டும் தொடாதீர்கள். உப்புக்காற்றடிக்கிற ஊரில் முதுகு வேர்க்காத நாற்காலி அதுதான். ரெக்சின் நாற்காலியில் அவர் உட்கார மறுப்பது பிடிவாதம் இல்லை.

மண்டபம் வாசகி: இறால் ஏற்றுமதிக் கம்பெனியில் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். ஏசியை 18-இல் வைக்கிறார்கள். நான் சால்வை போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். கூட்டினால் ‘என்னக்கா, வேர்க்குது’ என்று திரும்பக் குறைக்கிறார்கள். எனக்கு மட்டும்தான் உடம்பில் கோளாறா?

உங்களுக்கு ஒரு கோளாறும் இல்லை. கட்டடங்களுக்கு எவ்வளவு குளிர் வேண்டும் என்று கணக்குப் போடும் முறையில், உட்கார்ந்திருப்பவரின் உடல் எவ்வளவு வெப்பத்தை உண்டாக்குகிறது என்ற எண் ஒன்று உண்டு. அந்த எண் பல காலமாக நாற்பது வயது, எழுபது கிலோ ஆண் ஒருவரை வைத்து எடுத்தது. 2015-இல் நெதர்லாந்து ஆய்வாளர்கள் இரண்டு பேர், அலுவலக வேலை செய்யும் பெண்களை அளந்து பார்த்து, அந்தக் கணக்கு பெண்களுக்கு 35 சதவீதம் வரை அதிகமாகக் காட்டுகிறது என்று எழுதினார்கள். அதாவது உங்கள் உடம்பில் இல்லாத சூட்டைக் குளிர்விக்க ஏசி ஓடுகிறது.

ஆனால் உங்கள் அலுவலகத்தில் இதைவிடப் பெரிய காரணம் ஒன்று இருக்கும் என்று நினைக்கிறேன். யார் கையில் ரிமோட்? படகுத்துறைக்குப் போய், ஐஸ் பெட்டியோடு மல்லுக்கட்டிவிட்டு, வெயிலோடு உள்ளே வருகிறவர்தானே? அவருக்கு உள்ளே வந்ததும் 18 வேண்டும். நீங்கள் காலை ஒன்பதரையிலிருந்து அசையாமல் உட்கார்ந்திருக்கிறீர்கள். இரண்டு பேருக்கும் ஒரே எண் ஒத்துவராது. அவர் கேட்பது நிரந்தரக் குளிர் இல்லை, பத்து நிமிஷக் குளிர். அதற்கு வாசல் பக்கம் ஒரு சுவர் மின்விசிறியை வேகமாக ஓடவிட்டால் போதும்.

நட்சத்திரக் குறியீடு உள்ள அறை ஏசிகள் ஆன் செய்ததும் 24 டிகிரியில்தான் ஓட ஆரம்பிக்க வேண்டும் என்பது 2020 ஜனவரியிலிருந்து நாட்டில் விதி. ஏசியை 26-இல் வைத்து மேல் மின்விசிறியை மெதுவாக ஓட்டிப் பாருங்கள். காற்று அசைந்தால் உடம்புக்குக் குறைந்த டிகிரி மாதிரியே தெரியும். கரண்ட் பில்லையும் முதலாளியிடம் காட்டலாம்; பல இடங்களில் நியாயத்தைவிட அதற்கு மரியாதை அதிகம். அதுவும் நடக்காவிட்டால் ஏசி காற்று விழுகிற கோட்டிலிருந்து மேசையை இரண்டடி நகர்த்துங்கள். பாதி சண்டை டிகிரியால் வருவதில்லை, காற்று நேரே கழுத்தில் விழுவதால் வருகிறது.

ராமேஸ்வரம் வாசகர்: லாட்ஜ் அலுவலகத்தைப் புதுப்பிக்கிறோம். அண்ணன் கன்னி மூலையில்தான் உட்காருவேன், கிழக்கு பார்க்க வேண்டும் என்கிறார். இன்ஜினியரிங் படித்த மகன் ‘இதெல்லாம் என்ன பெரியப்பா’ என்று சிரிக்கிறான். நீங்கள் யார் பக்கம்?

அண்ணன் பக்கம். வாஸ்து எனக்குத் தெரியாது, அறை தெரியும். தென்மேற்கு மூலையில் உட்கார்ந்தால் இரண்டு பக்கமும் சுவர், கிழக்கே பார்த்தால் அறை முழுக்கக் கண்ணில் இருக்கும், வாசல் வடக்கிலோ கிழக்கிலோ இருந்தால் வருகிறவர் முகமும் தெரியும். கீழக்கரைப் பையன்கள் தேடிப் பிடித்த அதே இடம்தான். கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் தீவில் தென்மேற்கு ஜன்னலைத் திறந்தால் மேசை மேல் மணல்தான். அந்த மூலையை அடைத்து வைத்தால் ஒன்றும் நஷ்டமில்லை.

மகனிடம் ஒன்று சொல்லுங்கள். ‘இங்கே உட்கார்ந்தால் நல்லது நடக்கும்’ என்று நம்பி உட்காருகிற மனிதர் நிம்மதியாக இருப்பார். நிம்மதியும் வசதியில் சேர்த்திதான். வாஸ்துவுக்காக ஜன்னலை அடைப்பது, கழிவறையை இடித்துக் கட்டுவது என்று அண்ணன் ஆரம்பித்தால் எனக்கு மறுபடி எழுதுங்கள், அப்போது மகன் பக்கம் வந்துவிடுகிறேன்.

தொண்டி வாசகர்: எந்தக் கலர் அடித்தால் ஊழியர்கள் நன்றாக வேலை செய்வார்கள்?

அப்படி ஒரு கலர் இருந்தால் பெயின்ட் கம்பெனிகள் மற்ற டப்பாக்களை எல்லாம் நிறுத்தியிருக்கும். நீலம் மனதை அமைதிப்படுத்தும், சிவப்பு உசுப்பும் என்பதெல்லாம் சோதனைக்குச் சோதனை மாறுகிறது. அவரவர் வளர்ந்த வீடு, பள்ளிக்கூடம், கோயில், கட்சி எல்லாம் கலருக்குள் இருக்கிறது. கட்சி என்று சும்மா சொல்லவில்லை. ஒரு அலுவலகத்தில் இரண்டு கலரை அடுத்தடுத்து அடித்துவிட்டு, தேர்தல் வந்ததும் ஒன்றை மறைத்துத் திரும்ப அடித்தார்கள். நீங்கள் பளபளப்பு இல்லாத வெளிர் நிறம் எதுவானாலும் அடியுங்கள். கண்ணைக் கூசாது என்பது மட்டும் நிச்சயம்.

பெரியபட்டினம் வாசகி: பனை ஓலைப் பெட்டி, விசிறி செய்யும் மகளிர் குழு நாங்கள். பத்துக்குப் பன்னிரண்டு அறை ஒன்று கிடைத்திருக்கிறது. எங்களுக்குத் தடுக்கில் உட்கார்ந்துதான் பழக்கம், கை ஓடுவதும் அப்படித்தான். ‘பேங்க் ஆபீசர் வந்தால் என்ன நினைப்பார், டேபிள் சேர் போடுங்க’ என்று உதவிக்கு வந்த சார் சொல்கிறார். அவர் சொல்வதும் சரிதானே அக்கா?

அந்த சார் அந்த அறையில் எத்தனை மணி நேரம் உட்காரப் போகிறார்?

கோபத்தில் கேட்கவில்லை, இந்தக் கேள்வியைத்தான் முதலில் கேட்க வேண்டும். இங்கிலாந்தில் எக்ஸிடர் பல்கலைக்கழகத்தில் கிரெய்க் நைட், அலெக்ஸ் ஹாஸ்லம் என்ற இருவர் 2010-இல் ஒரு சோதனை வெளியிட்டார்கள். ஒரே வேலையை நாலு விதமான அறையில் செய்யச் சொன்னார்கள். ஒன்றில் மேசை நாற்காலி தவிர ஒன்றுமில்லை. இன்னொன்றில் செடியும் படமும் அவர்களே வைத்துக் கொடுத்தார்கள். மூன்றாவதில் அதே செடியையும் படத்தையும் வேலை செய்கிறவர் கையில் கொடுத்து, இஷ்டப்படி வைத்துக்கொள்ளச் சொன்னார்கள். நாலாவது வகைதான் குரூரம்: இஷ்டப்படி வைக்க விட்டு, வைத்து முடித்ததும் அவர் கண் முன்னாலேயே எடுத்து வேறு மாதிரி மாற்றினார்கள். வெறும் அறைக்காரர்களைவிட அலங்காரம் செய்து கொடுத்த அறைக்காரர்கள் 17 சதவீதம் கூடுதலாக வேலை செய்தார்கள். தாங்களே அமைத்துக்கொண்டவர்கள் 32 சதவீதம். கலைத்துப் போடப்பட்டவர்களுக்கு அந்த லாபம் அப்படியே போய்விட்டது. செடியும் படமும் மாறவில்லை பாருங்கள். வைத்த கைதான் மாறியது.

என் தொழிலில் நான் அடிக்கடி பார்ப்பதும் இதுதான். ‘ஸ்டாஃபுக்கு என்ன பிடிக்கும்?’ என்று முதலாளி என்னைக் கேட்பார். பத்தடி தள்ளி உட்கார்ந்திருக்கும் ஸ்டாஃபைக் கேட்க மாட்டார்.

அதனால் அறையை நீங்களே பிரித்துக்கொள்ளுங்கள். முக்கால் பங்கு தரை உங்களுக்கு. சிமென்ட் தரையில் நேரே தடுக்கு போட்டால் மார்கழியில் முழங்கால் பிடிக்கும், அடியில் ஒரு ரப்பர் விரிப்பு போடுங்கள். ஓலை கிழிக்க, வார் எண்ண, சாயம் கலக்க ஒரு முழ உயரத்தில் நீளமான குட்டை மேசை ஒன்று ஆசாரியிடம் சொல்லிச் செய்துகொள்ளுங்கள். சுவரில் சாய்ந்து உட்காருகிற இடத்தில் சுண்ணாம்பு ஒட்டாத பெயின்ட் அடிக்கச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் எல்லோர் முதுகும் வெள்ளையாகத்தான் வீட்டுக்குப் போகும். ஓலை ஈரம் பதமாக இருக்க வேண்டும் என்பதால் மின்விசிறி உங்களுக்கு எதிரி என்று எனக்குத் தெரியும். வடக்கு ஜன்னலோரம் வேலை, விசிறி மற்ற பக்கம். வாசலை ஒட்டி ஒரு சின்ன மேசை, இரண்டு நாற்காலி, சுவரில் நீங்கள் முடைந்த பெட்டிகள். பேங்க் ஆபீசருக்கு அது போதும். அவரும் தரையில் உட்கார்ந்து ஒரு பெட்டி முடைந்து பார்க்கட்டுமே.

உச்சிப்புளி வாசகர்: சென்னையில் ஐடி வேலையை விட்டுவிட்டு நண்பர்கள் நாலு பேர் ஊரிலேயே சின்னக் கம்பெனி தொடங்குகிறோம். தடுப்பே இல்லாத ஓப்பன் ஆபீஸ், பீன் பேக், நீள மேசை என்று ஆசை. பேசிப் பழக வசதியாக இருக்குமே?

தடுப்பில்லாத அலுவலகம் சென்னைச் சரக்கு இல்லை. 1950-களின் கடைசியில் ஜெர்மனியில் ஷ்னெல்லே சகோதரர்கள், அதிகாரிக்கு ஒரு அறை ஊழியருக்கு ஒரு அறை என்ற கட்டுப்பாட்டை உடைக்க, மேசைகளையும் செடிகளையும் கலைத்துப் போட்டு ஆரம்பித்தது. கொஞ்ச நாளில் சத்தம் தாங்கவில்லை. அமெரிக்காவில் ராபர்ட் புரோப்ஸ்ட் 1968-இல் மாற்றிப் போடக்கூடிய தடுப்புகளை வடிவமைத்தார். கம்பெனிகள் அதையும் சிக்கனத்துக்காகப் புறாக்கூண்டு ஆக்கின, கியூபிக்கிள் பிறந்தது. அப்புறம் கூண்டை உடைக்கிறோம் என்று மறுபடி தடுப்பில்லாத அலுவலகம். இப்படியே போய்க்கொண்டிருக்கிறது.

பேசிப் பழகுவது பற்றிச் சொன்னீர்கள். ஹார்வர்டைச் சேர்ந்த ஈத்தன் பெர்ன்ஸ்டீன், ஸ்டீஃபன் டர்பன் இருவரும், தடுப்பு எடுக்கப்பட்ட இரண்டு பெரிய கம்பெனி அலுவலகங்களில் ஊழியர் உடம்பில் கருவி மாட்டி அளந்தார்கள். முகம் பார்த்துப் பேசுவது 70 சதவீத அளவுக்குக் குறைந்து, மின்னஞ்சல் கூடியது. 2018-இல் வெளியான ஆய்வு. எல்லோர் காதிலும் விழும் என்றால் யார் வாய் திறப்பார்? சுவர் இல்லாத இடத்தில் ஹெட்போனைச் சுவராக மாட்டிக்கொள்கிறார்கள்.

நாலு பேர்தானே, அதுவும் நண்பர்கள் என்பதால் நீள மேசை போடுங்கள், தப்பில்லை. போன் பேச மட்டும் கதவு மூடுகிற ஒரு சின்ன அறை கட்டாயம் வேண்டும். இரண்டு பேர் பேசுவதைக் காதில் வாங்குவதைவிட, ஒருவர் போனில் பேசுவதை ஒரு பக்கமாகக் கேட்பதுதான் கவனத்தை அதிகம் கெடுக்கிறது. மறுமுனையில் என்ன சொன்னார்கள் என்று மனது தானாக நிரப்பப் பார்க்கும். பீன் பேக் வேண்டாம். அழகு கிடக்கட்டும், நம் ஊர் ஈரக்காற்றில் ஒரு மழைக்காலம் தாண்டினால் துணி மக்கிய வாசம் அடிக்கும். அதை எங்கே காயப்போடுவீர்கள்?

பாம்பன் வாசகர்: வாங்கி ஒரு வருடத்தில் ஆபீஸ் நாற்காலி, பீரோ எல்லாம் துரு. எந்தப் பொருள் வாங்குவது? சொந்த ஊர்க்காரருக்குக் கொஞ்சம் விவரமாகச் சொல்லுங்கள்.

சொந்த ஊர்க்காரருக்கு ஒளிவு மறைவு எதற்கு. நீங்கள் வாங்கியது வெளியே பவுடர் கோட்டிங், உள்ளே சாதா இரும்பு. நாற்காலியைத் தலைகீழாகக் கவிழ்த்துப் பாருங்கள். துரு ஆரம்பித்த இடம் காலின் அடியாக இருக்கும். ரப்பர் புஷ் கழன்று, குழாயின் வாய் தரையில் தேய்ந்து, பெயின்ட் போய், தினமும் ஈரத் துணியால் துடைக்கிற தண்ணீர் உள்ளே ஏறியிருக்கும். டைல்ஸில் வட்டவட்டமாகக் காவிக் கறை இருக்குமே, அதுதான் அதன் கையெழுத்து. புஷ் கழன்ற அன்றே புது புஷ் மாட்டினால் நாற்காலி ஆயுசு கூடும். விலையைச் சொன்னால் சிரிப்பீர்கள்.

ஸ்டெயின்லெஸ் என்று சொல்லி விற்பதில் பெரும்பாலும் 304 ரகம் இருக்கும். உப்புக்காற்றில் அதிலும் பழுப்புப் புள்ளி வரும். 316 ரகத்தில் மாலிப்டினம் கலந்திருப்பதால் தாங்கும், விலை கூட. கைப்பிடி, கீல், தாழ்ப்பாள் மட்டுமாவது 316-இல் போடுங்கள். பிளைவுட்டில் ஐஎஸ் 710 என்ற முத்திரை இருக்கிறதா என்று ஒவ்வொரு பலகையிலும் பாருங்கள், கொதிநீர் தாங்கும் ரகம் அது. மரத்தூளை அழுத்திச் செய்த பலகை நம் ஊருக்கு ஆகவே ஆகாது. கீழ் ஓரம் ஊதி மைக்கா பிளந்துகொள்ளும். தேக்கு வாங்க முடியாவிட்டால் பூவரசு, வேம்பு. இரும்பு பீரோ தவிர்க்க முடியாது என்றால் சுவரிலிருந்து நாலு விரல் தள்ளி, மரக்கட்டை மேல் ஏற்றி வையுங்கள்.

2025 ஏப்ரலில் திறந்த புதிய ரயில் பாலத்துக்கே ஸ்டெயின்லெஸ் கம்பியும் விசேஷப் பூச்சும் போட்டுத்தான் கட்டியிருக்கிறார்கள். 1914-இல் திறந்த பழைய பாலத்தில் பெயின்ட் அடிக்கிற வேலை ஓயாமல் நடந்ததை நாம் பார்த்துத்தானே வளர்ந்தோம். நம் ஊரில் ஒருவர் மரச் சாமானைத் தடவிப் பார்த்து வாங்குவதைப் பழைய ஆள் என்று வெளியூர்க் கடைக்காரர் நினைக்கலாம். அது ரசனை மட்டுமில்லை, உப்பு கற்றுக்கொடுத்தது.

சாயல்குடி வாசகி: அலுவலகத்துக்குள் செடி வைத்தால் நல்லது என்கிறார்கள். தண்ணீர் ஊற்ற ஆளில்லை, பிளாஸ்டிக் செடி வைக்கலாமா?

வைக்காதீர்கள், தூசிதான் மிச்சம். ஜன்னலுக்கு வெளியே ஒரு வேம்பு இருந்தால் அதைப் பார்க்கிற மாதிரி ஒரு நாற்காலியைத் திருப்பிப் போடுங்கள். ரோஜர் உல்ரிச் என்பவர் 1984-இல் வெளியிட்ட ஆய்வில், பித்தப்பை ஆபரேஷன் முடிந்து, ஜன்னல் வழியே மரம் தெரிந்த கட்டிலில் படுத்திருந்தவர்கள், செங்கல் சுவர் தெரிந்தவர்களைவிடக் கொஞ்சம் சீக்கிரம் வீடு திரும்பினார்கள், வலி மருந்தும் குறைவாகக் கேட்டார்கள். சாயல்குடிப் பக்கம் சீமைக்கருவேலம்தானே தெரியும் என்று மடக்காதீர்கள். அதுவும் பச்சைதான்.

தேவிபட்டினம் வாசகர்: எல்லோருக்கும் சொல்கிறீர்களே, உங்கள் அலுவலகம் எப்படி இருக்கும்?

ராமநாதபுரத்தில் ஒரு மாடி அறை. மேசை, அப்பா பட்டறையில் மிஞ்சிய அயினிப் பலகை. ஒரு ஓரத்தில் ஆணி அடித்த ஓட்டை இருக்கிறது, காகிதம் வைத்தால் பேனா குத்திக்கொள்ளும், அதனால் அந்த இடத்தில் டம்ளர் வைத்துக்கொள்கிறேன். விளக்கு, வெள்ளையும் மஞ்சளும் இல்லாத நடு ரகம். வருகிறவர்கள் ‘கொஞ்சம் டல்லா இருக்கே’ என்பார்கள். குண்டு பல்பு வெளிச்சத்தில் படித்து, டியூப் லைட் வந்ததும் வசதி வந்துவிட்டது என்று மகிழ்ந்த தலைமுறைக்கு வெள்ளை வெளிச்சம்தான் வெளிச்சம், அவர்களோடு வாதாட முடியாது. என் உதவியாளர் தன் மேசைக்கு மட்டும் பளீர் வெள்ளை விளக்கு வைத்திருக்கிறார். எனக்குப் பிடிக்கவில்லை. அது அவர் மேசை.

அடுத்த இதழுக்குக் கடைகள், ஷோரூம்கள் பற்றி எழுதுங்கள். நீளம், அகலம், ஜன்னல் எந்தத் திசை என்ற மூன்றையும் மறக்காமல் குறிப்பிடுங்கள். இவை இல்லாத கடிதங்களை இந்தத் தடவையே நிறைய ஒதுக்க வேண்டியதாகிவிட்டது.